‘ஏழாவது தொகுதிக்கு மேல்தான் சூடுபிடிக்கும்’ என்பவர்களுக்கு

‘ஹோன்ஸுகி நோ கெகோகுஜோ’வை யாருக்காவது பரிந்துரைக்கும்போது அதன் ரசிகர்கள் கூடவே ஒரு சமாதானத்தையும் சொல்லிவிடுகிறார்கள். “முதல் ஏழு வால்யூமைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிடுங்க. அதுக்கப்புறம் பாருங்க, கதை எங்க போகுதுன்னு.” அனிமே மட்டும் பார்ப்பவர்களுக்கு இதிலேயே சின்ன சைஸ் ஒன்று இருக்கிறது: “ஃபர்ஸ்ட் சீசன் கொஞ்சம் ஸ்லோ. ஒன்றரை ஸ்பீடுல ஓட விட்டுடுங்க.” நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். சாம்பார் சுமார்தான், ஆனால் பாயசம் வரும்வரை எழுந்துவிடாதீர்கள் என்று பந்தியில் கையைப் பிடித்து உட்கார வைக்கிற மாமாக்களைப் போல.

எனக்கு இந்தச் சமாதானத்தின் மேல் தீராத கோபம் உண்டு. அந்த ஏழு தொகுதிகள்தான் இந்தத் தொடர். அவற்றை வெறும் முன்கதையாக நினைக்கிறவர், ஐசெகாய் என்ற வகைமை வருடக்கணக்கில் சொல்லிவரும் ஒரு பொய்யை, அந்தப் பொய்யை மறுப்பதற்காகவே எழுதப்பட்ட கதைக்குள்ளும் கொண்டுவந்து நட்டுவிடுகிறார். இந்தக் கட்டுரை அவர்களோடு போடும் சண்டை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ‘ஷோஸெட்சுகா நி நாரோ’ (நாவலாசிரியர் ஆவோம் என்று பொருள்) என்ற தளத்தில் 2013 செப்டம்பரிலிருந்து 2017 மார்ச் வரை மியா கஸுகி 677 அத்தியாயங்களாக எழுதிய கதை இது. டிஓ புக்ஸ் பதிப்பகம் 2015 ஜனவரியில் நூலாக்கத் தொடங்கி, 2023 டிசம்பரில் 33ஆவது தொகுதியோடு முடித்தது. ஓவியங்கள் யூ ஷீனா. ஆங்கிலத்தில் ‘அசெண்டன்ஸ் ஆஃப் எ புக்வார்ம்’. ‘கோனோ லைட் நாவல் கா ஸுகோய்’ என்ற வருடாந்திரப் பட்டியலில், பெரிய அளவு நூல்களுக்கான பிரிவில் 2018, 2019 இரண்டு பதிப்புகளிலும் முதலிடம். மொத்தம் ஐந்து பாகங்கள். முதல் இரண்டு பாகங்கள் ஏழு தொகுதிகள். அதுவரை நாயகி மைன் ஒரு காவல் வீரரின் மகள். மூன்றாம் பாகத்திலிருந்து நாட்டை ஆளும் பிரபுவின் வளர்ப்பு மகள். அந்தக் கோட்டைத்தான் நம் நண்பர்கள் ‘சூடுபிடிக்கிற இடம்’ என்கிறார்கள். அதாவது ஏழைகள் கதையைவிட்டு வெளியே போகிற இடம்.

கதை இதுதான். மோட்டோஸு உரானோ என்ற கல்லூரி மாணவி. புத்தகப் பைத்தியம். நூலகர் வேலை கிடைத்த கையோடு ஒரு நிலநடுக்கத்தில் தன் புத்தகங்களே மேலே சரிந்து விழுந்து செத்துப்போகிறாள். கண் விழித்தால் எஹ்ரன்ஃபெஸ்ட் என்ற நகரத்தில், ஐந்து வயதுச் சிறுமியின் உடலுக்குள் இருக்கிறாள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், ஓடினால் காய்ச்சல் வரும் உடல். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. தெருவிலும் இல்லை. கடையில் ஒன்றைப் பார்க்கிறாள், அதன் விலை அவள் அப்பா குந்தர் கனவிலும் தொட முடியாதது. இருக்கிற புத்தகங்களெல்லாம் பிரபுக்களிடமும் கோயிலிலும். அப்படியென்றால் நானே செய்துகொள்கிறேன் என்று கிளம்புகிறாள்.

இந்த இடம்வரை கேட்டுவிட்டு ஐசெகாய் வாசகர் நிமிர்ந்து உட்கார்வார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். நவீன உலகத்து அறிவு இருக்கிறது, பின்தங்கிய உலகம் இருக்கிறது, அப்புறமென்ன? பத்தாவது பக்கத்தில் காகிதம், ஐம்பதாவது பக்கத்தில் அச்சகம், நூறாவது பக்கத்தில் அரண்மனை.

நான் சொல்கிற பொய் இதுதான்: ‘தெரிந்தால் போதும்’ என்பது. ஜப்பானிய ரசிகர்கள் இதற்குச் ‘சீட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வீடியோ கேமில் குறுக்குவழிக் கோட் அடிப்பது போல. லாரி மோதிச் சாகிறவன் எதையாவது கையோடு கொண்டுபோவான். பாடோரா ஃபுயுஹாராவின் ‘இன் அனதர் வேர்ல்ட் வித் மை ஸ்மார்ட்ஃபோன்’ தொடரில் கடவுள் தவறுதலாக இடி விழச்செய்து கொன்ற பையனுக்கு, பரிகாரமாக அந்த உலகத்திலும் வேலை செய்கிற செல்ஃபோன் கிடைக்கிறது. சார்ஜ் போவதில்லையா? மந்திர சக்தியிலேயே ஏறிக்கொள்ளும். ஒரு செல்ஃபோன் வேலை செய்ய எத்தனை கோபுரங்கள், எத்தனை சுரங்கங்கள், எத்தனை இரவு ஷிஃப்ட்டுகள் வேண்டும் என்று யோசித்தால் அந்தக் கதையே நின்றுவிடும். அதனால் யாரும் யோசிப்பதில்லை.

இந்தப் பொய் ஜப்பானில் பிறந்ததும் அல்ல. 1889இல் மார்க் ட்வைன் எழுதிய ‘எ கனெக்டிகட் யாங்கி இன் கிங் ஆர்தர்ஸ் கோர்ட்’ நாவலின் ஹாங்க் மார்கன் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையின் மேற்பார்வையாளன். ஆர்தர் மன்னர் காலத்துக்குப் போய்ச் சேர்ந்து, கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லி எல்லோரையும் மிரட்டி, காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கித் தொலைபேசிவரை கொண்டுவந்துவிடுகிறான். ட்வைன் விவரம் தெரிந்த ஆள். அதனால் அந்த நாவலை மின்வேலியிலும் இயந்திரத் துப்பாக்கியிலும் குவியும் பிணங்களோடு முடித்தார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டு முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ‘டாக்டர் ஸ்டோன்’ மாங்கா இந்த விஷயத்தில் நேர்மையானது. அதில் ஒவ்வொரு பொருளும் படிப்படியாகத்தான் உருவாகிறது, கைகளும் கண்ணில் படுகின்றன. ஆனால் அதற்காக அந்தக் கதை மனித குலத்தையே கல்லாக்க வேண்டியிருந்தது. காட்டுக்கு உரிமையாளர் இல்லை, மணலுக்கு வரி இல்லை, தொழிலுக்குச் சங்கம் இல்லை. உடைமை இல்லாத உலகத்தில் அறிவு வேகமாகத்தான் ஓடும்.

மைன் வந்து விழுவது உடைமைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு நகரத்தில். அதனால்தான் கதை மெதுவாகப் போகிறது.

அவள் தோல்விகளை வரிசையாகப் பாருங்கள். முதலில் பாப்பிரஸ் மாதிரி புல் நாரைப் பின்னிப் பார்க்கிறாள். பிஞ்சு விரல்கள். உள்ளங்கை அளவுகூட வருவதற்குள் சோர்ந்துவிடுகிறாள். பிறகு மெசபடோமியா ஞாபகம் வந்து களிமண் பலகை. தெருப் பையன்கள் மிதித்துப் போடுகிறார்கள். மறுபடி செய்து அடுப்பில் வைத்தால் வெடிக்கிறது, அம்மா எஃபா இனி களிமண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறாள். பிறகு பழைய ஜப்பானில் எழுதப் பயன்பட்ட ‘மொக்கான்’ மரப்பட்டிகள். லுட்ஸ் என்ற பக்கத்து வீட்டுப் பையன் காட்டிலிருந்து கட்டை பொறுக்கிச் சீவித் தருகிறான். புகைக்கரியைக் குழைத்து மையாக்கி எழுதுகிறாள். வீட்டில் அடுக்கி வைக்கிறாள். அம்மா அதை எடுத்து அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறாள்.

வேகமாக ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு காமெடிக் காட்சி. எனக்கு இந்தத் தொடரின் அச்சாணியே இதுதான். எஃபா கொடுமைக்காரி இல்லை. சாயப் பட்டறையில் வேலை செய்து, நோயாளிக் குழந்தையைத் தோளில் தூக்கி அலைகிற தாய். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பனிக்காலத்தில் அந்த வீட்டுக்கு விறகு என்றால் உயிர். கரி பூசிய காய்ந்த கட்டைகள் அடுப்பாங்கரையில் கிடந்தால் அவள் வேறு என்ன செய்வாள்? உரானோவின் மூளையில் இருக்கிற நாலாயிரம் வருஷத்துப் புத்தக வரலாறு, அந்த வீட்டு அடுப்பின் முன்னால் நாலு கட்டை விறகுக்குச் சமம். அந்த இடத்தில் யாருடைய பக்கம் நிற்பது என்று வாசகரைத் தடுமாற வைக்காத ஐசெகாய்கள்தான் அதிகம்.

அடுத்து காகிதம். உரானோவுக்கு ஜப்பானியக் கைக்காகிதமான ‘வாஷி’ எப்படிச் செய்வது என்று தெரியும். நம்மில் பலருக்கும் காணொளி பார்த்துத் தெரிந்திருக்கும். மரக் கிளையை ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரிக்க வேண்டும். குளிர்ந்த ஆற்றுநீரில் ஊறவைத்துக் கருந்தோலைச் சுரண்ட வேண்டும். சாம்பல் போட்டு வேகவைத்து, அலசி, நார் நாராகப் பிரியும்வரை அடித்து, கொழகொழப்பான தாவரச் சாறு சேர்த்து, சட்டத்தில் அள்ளி ஆட்டி, ஒவ்வொன்றாக அடுக்கி, பளு வைத்துப் பிழிந்து, பலகையில் ஒட்டிக் காயவைக்க வேண்டும். தெரிகிறது. சரி, வேகவைக்கப் பாத்திரம்? அவள் வீட்டில் இருக்கிற ஒரே பெரிய பாத்திரத்தில்தான் இரவுச் சாப்பாடு. சாம்பல்? அதுவும் காசு. சட்டத்துக்கு மெல்லிய சிம்புகளைச் சீவிக் கட்ட நூல் வேண்டும், நூல் விற்கிற ஆளுக்கு இந்தக் குழந்தையை நம்பக் காரணம் இல்லை. எந்த மரத்துப் பட்டை? அந்த உலகத்து மரங்கள் வேறு. ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்க வேண்டும். கத்தியைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை, லுட்ஸ் வெட்ட வேண்டும்.

இத்தனையையும் உட்கார்ந்து எழுதுகிறார் மியா கஸுகி. ஒவ்வொரு ‘எப்படி’க்குப் பின்னாலும் ஒரு ‘யாரிடம் கேட்பது’, அதற்குப் பின்னால் ஒரு ‘என்ன கொடுப்பது’. பென்னோ என்ற வியாபாரி வருவது இந்த இடத்தில்தான். அவன் குழந்தையின் மேதைமையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற ஆள் இல்லை. முதலில் செய்து காட்டு என்கிறான். காகிதத்துக்கான செலவை அவன் போட வேண்டுமென்றால், அவள் வீட்டில் செய்து வைத்திருக்கிற தலைக்குளியல் எண்ணெயின் செய்முறையை அவனுக்குக் கொடுக்க வேண்டும். காகிதம் வந்துவிட்டதா, இனி எல்லாம் சுபம் என்று நினைத்தால், தோல்தாள் செய்கிறவர்களின் சங்கம் கிளம்பி வருகிறது. அவர்கள் பிழைப்பு அது. பேரம் நடந்து, ஒப்பந்தப் பத்திரங்களெல்லாம் தோல்தாளில், மற்றவற்றுக்குப் புதுக் காகிதம் என்று முடிவாகிறது. சந்தை பிரிக்கப்பட்ட பிறகுதான் அந்த ஊரில் காகிதம் என்ற ஒன்று உண்மையில் ‘கண்டுபிடிக்கப்படுகிறது’.

போரடிக்கிறதா? சரி. ஆனால் காகிதம் இப்படித்தான் வரும்.

இனி, ‘ஸ்கிப் பண்ணுங்க’ என்பவர்கள் தவறவிடுகிற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மைனின் காய்ச்சல். அதற்குக் காரணம் அவள் உடலுக்குள் இருக்கிற மந்திர சக்தி. அளவுக்கு மீறிய சக்தி. அது உள்ளேயே பெருகி உடலைத் தின்கிறது. அந்த உலகத்தில் இதற்கு ‘தின்னும் நோய்’ என்கிற மாதிரி ஒரு பெயர். பிரபுக்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதே சக்திதான். ஆனால் பிறந்த உடனே அதை வாங்கிக்கொள்ளும் மந்திரக் கருவி அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அதனால் அங்கே அது நோய் இல்லை, பரம்பரைப் பெருமை. சாதாரணர் வீட்டில் அதே சக்தியோடு பிறந்த குழந்தை சில வருடங்களில் செத்துப்போகும். அல்லது ஏதாவது ஒரு பிரபுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உயிரோடு இருக்கலாம். வணிகர் சங்கத் தலைவரின் பேத்தி ஃப்ரீடாவுக்கு அதே நோய். தாத்தாவிடம் பணம் இருக்கிறது, பழுதான கருவிகளை வாங்கிக் குவிக்கிறார். அப்படியும் அவள் வளர்ந்ததும் ஒரு பிரபுவின் ஆசைநாயகியாகப் போவதாக ஒப்பந்தம். பிழைக்க வழி அவ்வளவுதான். கோயில் வாசலில் விடப்பட்ட டிர்க் என்ற கைக்குழந்தைக்கும் அதே நோய். அவனைக் காப்பாற்றுவதாக நம்பிய ஒரு சிறுமியை ஏமாற்றி, வேற்று நாட்டுப் பிரபு ஒருவனுக்கு அடிமைச் சாசனம் எழுதிவிடுகிறார்கள்.

ஒரே திறமை. மேல்தட்டில் பிறந்தால் மந்திரம், கீழே பிறந்தால் காய்ச்சல். ‘சீட்’ என்ற சொல்லை இதைவிடக் கூர்மையாகத் திருப்பிப் போட்ட வேறொரு லைட் நாவலை நான் படித்ததில்லை. நாயகிக்கு அபார சக்தியைக் கொடுத்து, அந்தச் சக்தியாலேயே அவளைப் படுக்கையில் தள்ளி, அதைத் தாங்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறார் ஆசிரியர். இது மூன்றாம் பாகத்தில் வரும் மாளிகைகளுக்குப் போகிற பாதை இல்லை. அந்த மாளிகைகள் எதன்மேல் நிற்கின்றன என்ற கணக்கு. கணக்கைத் தாண்டிக் குதித்துவிட்டு மாளிகையை மட்டும் ரசிப்பவர், கதையில் வரும் பிரபுக்கள் செய்வதைத்தான் செய்கிறார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ‘ஐடியாதான் எல்லாம், மத்ததெல்லாம் எக்ஸிக்யூஷன்’ என்ற வாக்கியம் புழங்கும் இடத்தில் பதினைந்து வருடம் போகப்போகிறது. மேடையில் ஒருவர் ஸ்லைடு காட்டுவார். அதில் ஒரு பெயர் இருக்கும். இரவு மூன்று மணிக்கு எழுந்து சர்வரைத் தூக்கி நிறுத்தியவர்கள், டெஸ்ட் எழுதியவர்கள், கான்ட்ராக்டில் வந்து ஆறு மாதத்தில் போனவர்கள் எல்லோரும் ‘டீம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். இப்போது இயந்திரத்திடம் நாலு வரி சொன்னால் அதுவே எழுதித் தந்துவிடும் என்று ஆகிவிட்டதால், ‘தெரிந்தால் போதும்’ என்பது ‘கேட்கத் தெரிந்தால் போதும்’ என்று இன்னும் மெலிந்துவிட்டது. ஐசெகாய் நாயகனுக்கும் எங்கள் மேடைப் பேச்சாளருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு பேரும் காகிதத்தைப் பற்றிப் பேசுவார்கள். பட்டையைச் சுரண்டியவரைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ‘கெகோகுஜோ’ ஒரு காரியம் செய்கிறது. இரண்டாம் பாகத்தில் மைனுக்கு உலோக அச்செழுத்துகள் தேவைப்படுகின்றன. யோஹான் என்ற இளம் கொல்லன், பிடிவாதமான நுணுக்கக்காரன், அவற்றைச் செய்து கொண்டுவருகிறான். அதைப் பார்த்த பரவசத்தில் அவள் அவனுக்கு ஒரு பட்டம் சூட்டுகிறாள்: குட்டன்பெர்க். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, வேண்டாம் என்கிறான். அவள் விடுவதாயில்லை. அதோடும் நிற்கவில்லை. பிறகு பென்னோவும் குட்டன்பெர்க், லுட்ஸும் குட்டன்பெர்க், அச்சு இயந்திரத்துக்கு மரவேலை செய்தவரும் மை காய்ச்சியவர்களும் குட்டன்பெர்க். தொடர் முழுக்க ‘குட்டன்பெர்க்குகள்’ என்று பன்மையில்தான் அவர்கள் குறிப்பிடப்படுகிறார்கள். வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஒற்றை நாயகனை நம்பியே பிழைக்கும் ஒரு வகைமைக்குள், வரலாற்றின் மிகப் பிரபலமான ஒற்றைக் கண்டுபிடிப்பாளரின் பெயரை எடுத்துக் கைவினைஞர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். அசல் குட்டன்பெர்க்கின் கதையும் அதைத்தான் சொல்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் 1450இல் யோஹான் ஃபுஸ்ட் என்ற செல்வந்தரிடம் 800 கில்டர் கடன், பிறகு இன்னொரு 800. 1455இல் ஃபுஸ்ட் வழக்குப் போட்டு வென்றார். குட்டன்பெர்க்கிடம் வேலை பார்த்த பீட்டர் ஷோஃபரைச் சேர்த்துக்கொண்டு தொழிலையும் தொடர்ந்தார். உலகத்தை மாற்றிய மனிதர் என்று நாம் படிக்கிற ஆளுக்குத் தன் அச்சகமே மிஞ்சவில்லை. ஃபுஸ்ட் இல்லாத குட்டன்பெர்க்கை ஐசெகாய் எழுதும். மியா கஸுகி பென்னோவோடு சேர்த்துத்தான் எழுதுகிறார்.

பிற வடிவங்கள் இதை என்ன செய்தன?

அஜியாடோ ஸ்டூடியோவின் அனிமே 2019 அக்டோபரில் வந்தது. இயக்குநர் மிட்சுரு ஹோங்கோ. நம்மூர்க் குழந்தைகளும் பார்த்து வளர்ந்த ஷின்சான் தொடரின் முதல் இயக்குநர் அவர். 2019இல் 14 எபிசோட், 2020இல் 12, 2022இல் 10. ஆக 36 எபிசோட்களில் ஏழு தொகுதிகள். பன்னிரண்டு எபிசோட்களில் கதையை எங்காவது ஓர் உச்சத்தில் நிறுத்தி, மிச்சத்துக்குப் புத்தகம் வாங்குங்கள் என்று அனுப்பிவைக்கிற தொழிலில் இது பெரிய பொறுமை. அதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் முதல் எபிசோடின் முதல் காட்சியைக் கவனியுங்கள். நாவல் தொடங்கும் இடத்தில் அனிமே தொடங்கவில்லை. கோயிலில், தலைமைப் பூசாரி ஃபெர்டினாண்ட் ஒரு மந்திரக் கருவியை வைத்து மைனின் நினைவுகளுக்குள் நுழையத் தயாராகிறார். இது நாவலில் இரண்டாம் பாகத்தில் வருவது. அதை இழுத்து முன்னால் போட்டுவிட்டார்கள். கோயில், உடை, மந்திரம், அழகான உயர்குடி ஆண். பயப்படாதீர்கள், இந்தக் கஞ்சிக் கதை முடிந்ததும் இங்கேதான் வரப்போகிறோம் என்று பார்வையாளருக்கு ஒரு வாக்குறுதி. ‘ஏழு வால்யூம் பொறுத்துக்கோங்க’ என்று நம் நண்பர் சொல்லும் அதே சமாதானத்தைத் தயாரிப்பாளர்களே முதல் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார்கள். அதன் விளைவு என்ன தெரியுமா? மைனின் ஏழ்மை முழுவதும் ஒரு பிரபு பார்க்கிற ஞாபகமாகிவிடுகிறது. எஃபா விறகை எரிப்பதுகூட அவர் கண் வழியாக.

நிறமும் அப்படித்தான். நாவலின் தொடக்கத்தில் அவளுக்குக் குமட்டல்தான் முதலில் வருகிறது. தெருவின் நாற்றம், அழுக்கு, அரிக்கும் தலை. அனிமேயில் அந்தத் தெரு கதைப்புத்தகப் படம் மாதிரி இதமாக இருக்கிறது. நாற்றத்தைத் திரையில் காட்ட முடியாதுதான். அழுக்கைக் காட்டலாமே. நாவல் தன்மையில் எழுதப்பட்டது, ஆனால் தொகுதிகளின் முன்னுரையிலும் முடிவிலும் சேர்த்த குறுங்கதைகளிலும் மற்றவர்களின் பார்வை வரும். அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும், அவளைச் சுமக்கிறவர்கள் அவளைப் பார்ப்பதும் வேறுவேறு என்று தெரிய வைக்கிற ஏற்பாடு அது. அனிமேயில் பெரும்பாலும் அவள் மட்டும்தான் மிஞ்சுகிறாள்.

மாங்காவில் ஸுஸுகா வரைந்த பாகங்கள் நாவலின் வேகத்துக்கு மிக நெருக்கமானவை. காகிதம் செய்கிற படிகளை ஓவியத்தில் பார்ப்பது தனிச் சுகம். ஆனால் அங்கேயும் சந்தைக்குப் பொறுமை இல்லை. இரண்டாம் பாகம் முடிவதற்குள்ளேயே மூன்றாம், நான்காம் பாகங்களை வேறு ஓவியர்களிடம் கொடுத்து இணையாக ஓடவிட்டார்கள். தலைப்பைக்கூடப் பாருங்கள். ‘கெகோகுஜோ’ என்பது ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்தோடு சேர்ந்த சொல். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் அது ‘அசெண்டன்ஸ்’, ஏறிப்போவது. கவிழ்ப்பது போய் ஏறுவது வந்துவிட்டது. ஏறுகிற கதை என்று அட்டையிலேயே போட்டுவிட்டால், வாசகர் படிக்கட்டை எண்ணிக்கொண்டுதான் படிப்பார்.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியவை இரண்டு உண்டு. இரண்டும் வலுவானவை.

ஒன்று, அநாதை விடுதி. கோயிலின் பின்கட்டில் பட்டினியில் கிடக்கும் குழந்தைகளை மைன் பார்க்கிறாள். உடனே புனிதையாகிவிடவில்லை. பார்க்காமல் இருந்துவிட முயல்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்க முடியவில்லை என்பதால்தான் இறங்குகிறாள். பிறகு அந்தக் குழந்தைகளைக் காகிதப் பட்டறையில் வேலைக்கு வைத்துச் சோறு போடுகிறாள். இது குழந்தைத் தொழில் இல்லையா? ஆம், குழந்தைத் தொழில்தான். லுட்ஸும் குழந்தைதான், மைனும் குழந்தைதான். அவளுடைய நூலகக் கனவு இவர்கள் முதுகில்தான் ஏறுகிறது. ஆனால் நாவல் இதை மறைக்கவில்லை என்பதே என் பதில். யார் கை வலித்தது என்று எனக்குத் தெரிகிறது, அதனால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது. செல்ஃபோன் நாயகனிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா?

இரண்டாவது இன்னும் கடினம். அந்த உலகத்தில் பிரபுக்களின் மந்திர சக்தியை ஊற்றினால்தான் மண் விளையும். அதாவது உயர்குடி என்பது அங்கே இயற்கை விதி. கவிழ்த்தால் எல்லோரும் பட்டினி. தலைப்பில் கவிழ்ப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, கவிழ்க்கவே முடியாத உலகத்தைக் கட்டியிருக்கிறார் ஆசிரியர். மூன்றாம் பாகத்துக்குப் பிறகு சடங்குகளும் அகாடமியும் வம்ச அரசியலும் பெருகப் பெருக, குட்டன்பெர்க்குகள் ஓரத்துக்குப் போகிறார்கள். மைனின் சக்தி கடைசியில் ‘சீட்’ ஆகவே வேலை செய்யத் தொடங்குகிறது. இதை நான் மறுக்கவில்லை. அந்தப் பாகங்களில் சுவாரஸ்யம் குறைவு என்றும் சொல்லவில்லை, நானும் விடிய விடியத்தான் படித்தேன். ஆனால் அங்கே இந்தத் தொடர் மற்ற தொடர்களோடு போட்டி போடுகிறது. முதல் ஏழு தொகுதிகளில் அது தனியாக நடக்கிறது. ரசிகர்கள் அதன் பலவீனத்தை உச்சம் என்கிறார்கள், பலத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் புகார் இதுதான்.

லுட்ஸ் ஒரு நாள் அவளைக் கேட்கிறான், நீ யார் என்று. இவ்வளவு விஷயம் தெரிந்த ஒரு குழந்தை அவனுடைய மைனாக இருக்க முடியாது என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. செத்துப்போன சிறுமியின் உடலில்தான் இவள் இருக்கிறாள். மற்றக் கதைகளில் ‘மறுபிறவி’ என்று ஒரு வரியில் தாண்டுகிற விஷயம். இங்கே அதற்கு ஒரு பையன் பதில் கேட்கிறான், கோபப்படுகிறான், அழுகிறான். அப்புறம் இத்தனை நாள் தன்னோடு காகிதம் செய்தவளை ஏற்றுக்கொள்கிறான். அந்த முடிவுக்கு அவனைக் கொண்டுவந்தது அவளுடைய அறிவு இல்லை, சேர்ந்து பட்டை சுரண்டிய நாட்கள். அந்த நாட்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியவருக்கு இந்தக் காட்சியில் என்ன கிடைத்திருக்கும்?

இரண்டாம் பாகத்தின் முடிவும் அப்படியே. தன் குடும்பத்தைக் காப்பாற்ற அவள் பிரபு சில்வெஸ்டரின் வளர்ப்பு மகளாகிறாள். மைன் செத்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. இனி குந்தரை அப்பா என்றோ எஃபாவை அம்மா என்றோ அழைக்க முடியாது, அப்படி ஒப்பந்தம். அக்கா டூலி எதிரில் நிற்கிறாள், அவளையும் அக்கா என்று கூப்பிட முடியாது. ரசிகர்கள் ‘ஏறுகிற’ இடம் என்று காத்திருக்கும் அந்தப் படி இதுதான். அனிமேயின் 36ஆவது எபிசோட். ஏழு தொகுதிகளாக அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் நாம் வாழ்ந்திருக்காவிட்டால் இது வெறும் பதவி உயர்வு.

அந்த வீட்டில் அப்போது காமில் என்று ஒரு தம்பி பிறந்திருக்கிறான். கைக்குழந்தைகளின் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கறுப்பு வெள்ளையில் ஒரு படப் புத்தகம் செய்து கொடுத்துவிட்டுத்தான் அவள் போகிறாள். விடுதிப் பிள்ளைகள் செய்த காகிதம். வெட்டிய ஸ்டென்சிலில் மை உருட்டி எடுத்த படங்கள், நம் சிற்றிதழ்க்காரர்கள் ஒரு காலத்தில் சைக்ளோஸ்டைல் எடுத்த மாதிரி. தனக்கு இப்படி ஓர் அக்கா இருந்தது தெரியாமலே அவன் வளர்வான். புத்தகம் மட்டும் வீட்டில் இருக்கும், எஃபா இப்போது அதை அடுப்பில் போட மாட்டாள்.

ஆகவே முதல் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். சாதாரண வேகத்திலேயே.